முதலில் வெறும் தொட்டியில் ஒரு ராத்திரி

பிக்கப் வண்டியின் பின்னால் படுத்துத் தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் முதலில் செய்த காரியம், அங்கே படுக்க இடமே இல்லாமல் ஆக்கியதுதான். 18 மில்லிமீட்டர் பிளைவுட் மூன்று ஷீட் வாங்கி, நாலு சனி ஞாயிறுகளைத் தின்று, பெரிய இழுப்பறை இரண்டு, அதற்கு மேல் கட்டில் மாதிரி ஒரு மேடை, ஓரங்களில் மூடி போட்ட குட்டி அறைகள் என்று ஒரு மாளிகையைக் கட்டி முடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மெத்தையை விரித்து, பின்பக்கக் கண்ணாடியைத் தூக்கி, "ஏறிப் பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டேன். ஏறினாள், பாதி எழுந்தாள், கூரையில் 'டங்'. குனிந்தபடியே திரும்பிப் பார்த்து, "ஏங்க, இதுல உட்காரவே முடியாதா?" என்றாள்.

முடியாது. தொட்டியின், அதாவது பிக்கப்பின் பின்னால் சரக்கு ஏற்றும் பகுதியின், ஆழம் 50 சென்டிமீட்டர், அதற்கு மேல் மாட்டிய கேனப்பியின், அதாவது தொட்டியை மூடுகிற ஃபைபர் கூட்டின், உள் உயரம் 52, ஆக மொத்தம் 102. அதில் இழுப்பறை மேடை 34, மெத்தை 8 போக மிஞ்சுவது 60 சென்டிமீட்டர். வளர்ந்த மனிதர் ஒருவர் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து உச்சி வரை 80 முதல் 95 வரை வரும். மேடையே இல்லாமல் தரையிலேயே மெத்தையைப் போட்டிருந்தால் 94 மிஞ்சியிருக்கும், அவளும் உட்கார்ந்திருப்பாள், நானும் கொஞ்சம் கழுத்தை மடக்கினால் உட்கார்ந்திருப்பேன். இந்தக் கணக்குக்கு ஓர் அளவு டேப்பும் இரண்டு நிமிடமும் போதும். நான் நாலு வார இறுதிகள் ரம்பம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மழை நாளில் மூன்று மணி நேரம் உள்ளேயே அடைந்து கிடக்க நேரும்போதுதான் உட்காரும் உயரத்தின் அருமை தெரியும். பேன்ட் மாற்றுவது, தண்ணீர் குடிப்பது, புத்தகம் படிப்பது எல்லாமே படுத்துக்கொண்டு என்றால் முதல் அரை மணி நேரம் சிரிப்பாக இருக்கும், அப்புறம் சண்டை வரும்.

அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன் என்று சொன்னால் பொய். மனசு வரவில்லை, இரண்டு பயணம் அதோடுதான் போனேன். மூன்றாவது முறை கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, வெறும் தொட்டியில் ஒரு ஃபோம் மெத்தை, இரண்டு போர்வை, ஒரு டார்ச் லைட், ஒரு கேன் தண்ணீர், இவ்வளவோடு கிளம்பினோம். அந்த ராத்திரி எதெல்லாம் தொல்லை கொடுத்ததோ அதைக் காலையில் ஒரு குட்டி நோட்டில் எழுதினேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரே சட்டம்தான்: நோட்டில் புகார் இல்லாத எதையும் வண்டியில் ஏற்றுவதில்லை. ஒரே புகார் இரண்டு முறை வந்தால்தான் அதற்குக் காசு. குறைந்த செலவில் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான யோசனையும் இதுதான், மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

ஆனால் வெளி மூடியை, அதாவது தலைக்கு மேல் என்ன கூரை என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் அதில்தான் பணம் மொத்தமாகப் போகிறது. வழிகள் பல இருக்கின்றன. ஆகக் குறைந்த செலவு, தொட்டியின் அளவுக்கென்றே தைத்து வரும் துணிக் கூடாரம். மடித்தால் ஒரு பைக்குள் அடங்கிவிடும், எடையும் பெரிதாக இல்லை. ஆனால் அதைப் போடத் தொட்டி காலியாக இருக்க வேண்டும், அப்படியென்றால் சாமான் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுக் கூடாரம் போட்டு மறுபடி ஏற்ற வேண்டும், காலையில் பனியில் நனைந்த துணியைச் சுருட்டி அதே தொட்டியில் போட வேண்டும். வருடத்துக்கு இரண்டு மூன்று இரவுதான் என்றால் இது போதும். உண்மையைச் சொன்னால், வருடத்துக்கு இரண்டு மூன்று இரவுதான் என்றால் தரையில் போடுகிற சாதாரணக் கூடாரமே போதும், வண்டியைத் தொடவே வேண்டாம். இதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அடுத்தது, தொட்டிக்கு மேல் சட்டம் அடித்து அதில் வைக்கிற கூரைக் கூடாரம். படங்களில் பார்த்தால் உடனே வாங்கத் தோன்றும். உள்ளே மெத்தை தைத்தே வரும், தரை ஈரம், பூச்சி பொட்டு எல்லாவற்றுக்கும் மேலே படுக்கலாம், கீழே தொட்டி முழுக்கச் சாமான் வைக்கக் காலியாக இருக்கும். எனக்கு அதில் பிடிக்காதது இரண்டு. ஒன்று, நடுராத்திரி சிறுநீர் கழிக்க ஏணியில் இறங்க வேண்டும், தூக்கக் கலக்கத்தில், இருட்டில், செருப்பு எங்கே என்று காலால் துழாவிக்கொண்டு. இரண்டு, வண்டியை எடுக்க வேண்டுமென்றால் வீட்டையே மடக்க வேண்டும். ஒரே இடத்தில் மூன்று நாள் இருப்பவர்களுக்குப் பரவாயில்லை. பகலெல்லாம் சுற்றிவிட்டு ராத்திரி எங்கேயாவது நிறுத்துகிற எங்களைப் போன்றவர்களுக்குத் தினமும் போட்டு, தினமும் மடக்கி, நாலாவது நாள் வாழ்க்கை வெறுத்துவிடும். எடை 50 முதல் 80 கிலோ வரை வரும், அதுவும் உச்சியில் உட்காருவதால் வளைவுகளில் வண்டி சாய்வது உடம்புக்குத் தெரியும். இதை வாங்குகிறவர்கள் சட்டத்தின் சுமை அளவை இரண்டாகப் பார்க்க வேண்டும்: வண்டி நிற்கும்போது எவ்வளவு தாங்கும் என்பது ஒன்று, ஓடும்போது எவ்வளவு தாங்கும் என்பது வேறு. இரண்டாவது எப்போதுமே குறைவு. குண்டு குழியில் இறங்கி ஏறும்போது கூடாரம் சட்டத்தை அதன் சொந்த எடையைவிடப் பல மடங்கு விசையோடு இடிக்கும். நின்றிருக்கும்போது இரண்டு பேர் ஏறிப் படுப்பதைத் தாங்குகிற சட்டம், ஓட்டத்தில் வெறும் கூடாரத்துக்கே திணறலாம்.

அப்புறம், தொட்டிக்குள் அப்படியே இறக்கி வைக்கிற முழு வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க், கூரையைத் தூக்கினால் நின்றே நடக்கலாம். ஆசை இல்லாமல் இல்லை. விலையை விடுங்கள், எடைதான் கதையை முடிக்கிறது. கூரை தூக்குகிற சிறிய வகையே பெரும்பாலும் 400 கிலோவைத் தாண்டும், கெட்டிச் சுவர் வைத்தது ஒரு டன்னைத் தொடும். அதிலும் விளம்பரத்தில் போடுகிற எடை வெறும் கூட்டின் எடை. தண்ணீர், கேஸ், பேட்டரி, உடுப்பு, பாத்திரம், அதில் ஏறுகிற மனிதர்கள் எல்லாம் கணக்கில் வராது.

இங்கே கொஞ்சம் நின்று வண்டியின் சுமைக் கணக்கைப் பேசிவிட வேண்டும். பிக்கப் என்றாலே எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று ஒரு நினைப்பு நமக்கு. வண்டியின் கையேட்டிலோ ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ ஓர் எண் இருக்கும். என் வண்டிக்கு 620 கிலோ. இது தொட்டியில் ஏற்றும் சரக்கின் அளவு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, உள்ளே உட்காரும் ஆட்களும் அதில் சேர்த்தி. நாங்கள் இரண்டு பேர் 140 கிலோ. ஃபைபர் கேனப்பி 80. என் மாளிகை இழுப்பறைகள் 90. தண்ணீர் இரண்டு கேன் 40, லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் இதில் பேரமே கிடையாது. ஐஸ் பெட்டியும் அதற்குள் இருப்பதும் 30, கருவிப் பெட்டியும் ஜாக்கி, கயிறு வகையறாவும் 30, துணிமணி, பாத்திரம், அடுப்பு 40, பேட்டரி 12, மெத்தை 10. கூட்டினால் 472. மிச்சம் 148 கிலோ. மினிமலிஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு முக்கால் பங்கைத் தின்றுவிட்டிருந்தேன். இதில் முழு வீட்டை ஏற்றினால், ஆட்கள் ஏறும் முன்பே வண்டி மூச்சு வாங்கும்.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டால் எல்லோரும் தனக்குச் சாதகமாகத்தான் போடுவார்கள், நானும் அப்படித்தான் போட்டேன். முழுச் சாமானோடும் ஆட்களோடும் லாரிகள் நிற்கிற எடை மேடையில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் எடை, முழு வண்டியையும் ஏற்றி ஓர் எடை. இரண்டையும் கழித்தால் பின் அச்சில் எவ்வளவு விழுகிறது என்று தெரிந்துவிடும், அதற்கும் தனியே ஓர் உச்ச வரம்பு உண்டு. என் வண்டியை அப்படி ஏற்றியபோது நான் தாளில் போட்டதைவிட 60 கிலோ கூடுதலாகக் காட்டியது. எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் தேடினேன். இழுப்பறையின் அடியில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று நான் போட்டு வைத்த சாமான்கள்தான் அவ்வளவும். இடம் இருந்தால் நிரம்பும். பின்பக்கம் தாழ்கிறது என்று கமான் பட்டை (சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்குகிற வில் தகடு) ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. வண்டி நிமிரும், வாஸ்தவம்தான், ஆனால் அந்த ஸ்டிக்கரில் இருக்கும் எண் அதனால் மாறாது. பிரேக்கும் அச்சும் டயரும் பழையவைதானே.

ஆகவே நாங்கள் கேனப்பியோடு நின்றுவிட்டோம். வண்டியின் கூரை மட்டத்துக்குச் சமமாக, பக்கங்களில் கண்ணாடி ஜன்னல் வைத்த சாதாரண மூடி. நாலைந்து கிளாம்ப் மாட்டினால் உட்கார்ந்துகொள்ளும், தொட்டியில் ஓட்டை போட வேண்டியதில்லை. மழை, வெயில், திருட்டு மூன்றுக்கும் ஓரளவு பதில், ஊருக்குள் நிறுத்தினால் யாரோ உள்ளே தூங்குகிறார்கள் என்று சந்தேகமும் வராது. பழையதாகக் கிடைத்தால் நிறைய மிச்சம், ஒரே ஒரு எச்சரிக்கையோடு: ஒரே பெயர் கொண்ட வண்டி என்றாலும் தலைமுறைக்குத் தலைமுறை தொட்டியின் அளவு மாறும். 'பொருந்தும்' என்று விற்கிறவர் சொல்வதை நம்பாமல் நீளம், முன் அகலம், பின் அகலம் மூன்றையும் நீங்களே அளந்துகொள்ளுங்கள். தொட்டியின் விளிம்புக்கும் மூடிக்கும் நடுவே ஒட்டுகிற ஃபோம் பட்டையைப் புதிதாகப் போட்டுவிடுங்கள், பழைய பட்டை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் ஒழுகும். மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்ப் போல்ட்டுகளை மறுபடி ஒரு முறை முடுக்க வேண்டும். ஃபோம் அமுங்கி இறுக்கம் தளர்ந்திருக்கும்.

இனி படுக்கை. நாலு கதவு வைத்த நடுத்தர பிக்கப்புகளில் தொட்டியின் நீளம் ஒன்றரை மீட்டரை ஒட்டித்தான் வரும். என்னுடையது 153 சென்டிமீட்டர். நான் 175. குறுக்கே மூலைக்கு மூலை படுத்தால் நீட்டிப் படுக்கலாம், ஆனால் ஒருவர் மட்டும். இரண்டு பேர் என்றால் பின்கதவைக் கீழே இறக்கி அதையும் படுக்கையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், இரண்டு மீட்டர் கிடைக்கும். ஆனால் கேனப்பியின் கண்ணாடி மூடும் இடம் பின்கதவின் மேல் விளிம்பு. கதவு படுத்துவிட்டால் கண்ணாடிக்குக் கீழே ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்துகிடக்கும். இதற்கு நாங்கள் செய்தது வெறும் துணி வேலை. பழைய தார்ப்பாயை வெட்டி, மூன்று பக்கமும் சுற்றி வருகிற பாவாடை மாதிரி தைத்து, மேலே கண்ணாடியின் விளிம்போடு பட்டனிலும், கீழே பின்கதவுக்கு அடியில் எலாஸ்டிக் கயிறிலும் மாட்டிக்கொள்கிறோம். நடுவில் கொசுவலை வைத்த ஒரு ஜன்னல். இரண்டு முறை தைத்துப் பிரித்து மூன்றாவது முறை சரியாக வந்தது. இந்த அமைப்பிலேயே மிகக் குறைந்த செலவும் மிக அதிகப் பயனும் இதுதான். பின்கதவைத் தாங்குகிற இரண்டு கம்பிக் கயிறுகளும் துருப்பிடிக்காமல் இருக்கின்றனவா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும், கால் பக்கத்தின் எடை முழுக்க அதில்தான்.

சக்கரங்களுக்கு மேலே தொட்டிக்குள் இரண்டு பக்கமும் திமில் மாதிரி எழும்பியிருக்கும், அவற்றுக்கு நடுவே எனக்கு 110 சென்டிமீட்டர். இருவருக்கு நெருக்கம், ஆனால் போதும். அகலம் வேண்டுமென்று திமில் உயரத்துக்கு மேடை கட்டினால் படுக்கை அகலமாகும், அதே சமயம் உட்காரும் உயரத்தில் கால் மீட்டர் போய்விடும். நாங்கள் அகலத்தை விட்டுக் கொடுத்தோம். திமில்களுக்கு முன்னும் பின்னும் இருக்கிற குழி இடங்கள் தண்ணீர் கேனுக்கும் பைகளுக்கும் சரியாக இருக்கிறது, யாரோ அளந்து விட்டுவைத்த மாதிரி.

மெத்தைக்கு அடியில் மட்டும் ஒன்று தேவைப்பட்டது, அதுவும் நோட்டு சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டாவது ராத்திரி. நல்ல குளிர், எல்லா ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு, கதகதப்பாக இருக்கும் என்று படுத்தோம். மூன்று மணி இருக்கும், நெற்றியில் சொட்டென்று ஒன்று விழுந்தது. துடைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன், காதில் ஒன்று. டார்ச்சை அடித்துப் பார்த்தால் கூரை முழுக்க முத்து முத்தாக நீர், வண்டியை லேசாக அசைத்தால் மொத்தமும் பொலபொலவென்று எங்கள் மேல் கொட்டும். வெளியே மழை இல்லை, பனிகூட அவ்வளவு இல்லை. அந்தத் தண்ணீர் முழுக்க எங்களுடையது. தூங்கும்போது மூச்சிலும் தோலிலும் இரண்டு பேர் ஒரு ராத்திரியில் அரை லிட்டர் அளவுக்கு நீரை ஆவியாக வெளியே விடுகிறோம். அது போக வழியில்லாமல் குளிர்ந்த ஃபைபரிலும் கண்ணாடியிலும் பட்டு நீராகிறது. காலையில் மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கமும் தொப்பலாக இருந்தது. உடம்புச் சூட்டோடு மெத்தை வழியாக இறங்கிய ஆவி, கீழே ஜில்லென்று கிடக்கும் தகரத்தில் பட்டுத் தண்ணீராகியிருக்கிறது. இப்படி நாலு ராத்திரி விட்டால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்துவிடும், ஃபோமில் பிடித்த பூஞ்சை போகவே போகாது.

இதற்கு ஹீட்டர், கூரைக்கு உள்பக்கம் ஒட்டுகிற மெத்துப் பலகை, ஈரம் உறிஞ்சும் உப்புப் பொட்டலம் என்று என்னென்னவோ யோசனை வந்தது. கடைசியில் வேலை செய்தது, குளிர் அடித்தாலும் இரண்டு ஜன்னலை எதிரெதிராக இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைப்பதுதான். கூடவே கம்ப்யூட்டருக்குள் இருக்குமே அந்த மாதிரி ஒரு 12 வோல்ட் குட்டி ஃபேனை ஒரு ஜன்னலில் வெளியே தள்ளும்படி வைத்தோம். குளிர் கொஞ்சம் கூடும், அதற்கு இன்னொரு போர்வை. ஈரத்தோடு கதகதப்பாக இருப்பதைவிடக் காய்ந்து குளிராக இருப்பது எவ்வளவோ மேல். மெத்தைக்கு அடியில் கட்டை விரல் கனத்தில் ரீப்பர் கட்டைகளை மூன்று விரல் இடைவெளி விட்டு அடுக்கி, இரண்டு நாடாவில் ஆணி அடித்துப் பாய் மாதிரி சுருட்டும்படி செய்துகொண்டேன். காற்று அடியில் ஓடுகிறது, மெத்தை நனைவதில்லை, உயரத்தில் போனது இரண்டரை சென்டிமீட்டர்தான். 90 கிலோ மாளிகைக்குப் பதிலாக வந்த கட்டில் இது, ஒற்றைக் கையில் தூக்கலாம்.

குளிரைப் பற்றி இன்னொன்று. மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் கீழிருந்து ஏறுகிற குளிரை அது தடுக்காது, ஏனென்றால் உடம்பின் எடையில் அடியிலிருக்கும் பஞ்சு நசுங்கிவிடுகிறது, நசுங்கினால் அதிலிருக்கும் காற்றும் போய்விடுகிறது, சூட்டைப் பிடித்து வைப்பதே அந்தக் காற்றுதான். அதனால் காசு மெத்தைக்குத்தான் முதலில் போக வேண்டும். மலிவான, நீரை உறிஞ்சாத கெட்டி ஃபோம் ஷீட் ஒன்றை மெத்தைக்கு அடியில் போட்டதும் முதுகு குளிர்ந்த புகார் நோட்டிலிருந்து போய்விட்டது.

மின்சாரத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். என் பார்வையில் கேள்வி ஒன்றே ஒன்று: ஃபிரிட்ஜ் வேண்டுமா, வேண்டாமா? கணக்கைப் பாருங்கள். குட்டி ஃபேன் 3 வாட், எட்டு மணி நேரம், 24 வாட் அவர். எல்.இ.டி. லைட் 5 வாட், மூன்று மணி நேரம், 15. இரண்டு போன் சார்ஜ் செய்ய 30. ஆக 70க்குள். 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று, கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவு, ஏறத்தாழ 250 வாட் அவர் தரும். மூன்று நாளுக்கு அது போதும், சூரியத் தகடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இப்போது ஒரு சின்ன 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜைச் சேருங்கள். ஓடும்போது 45 வாட், மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடுகிறது என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 360. மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதன் ஐந்தில் ஒரு பங்குதான். ஃபிரிட்ஜ் வந்தால் 100 ஆம்பியர் அவர் பேட்டரி வரும், வண்டி ஓடும்போது மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரிலிருந்து அதைச் சார்ஜ் செய்ய ஒரு தனிச் சார்ஜர் வரும், கனமான ஒயர் வரும், ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் நின்றால் சூரியத் தகடும் வரும். ஒரு பெட்டி வாங்கப் போய் ஒரு குடும்பத்தையே அழைத்து வந்த மாதிரி.

நாங்கள் அழைத்து வந்துவிட்டோம், ஒத்துக்கொள்கிறேன். ஐஸ் பெட்டியோடு ஒரு வருடம் ஓட்டினோம். கட்டியாக இருக்கும் ஐஸ் உடைத்த ஐஸைவிட நெடுநேரம் தாங்கும், பெட்டியை முதல் நாளே குளிர வைத்தால் இன்னும் தாங்கும் என்பதெல்லாம் கற்றுக்கொண்டோம். இருந்தாலும் மூன்றாம் நாள் உருகிய தண்ணீரில் எல்லாம் மிதக்கும். நோட்டில் அந்தப் புகார் ஏழு முறை. ஏழு முறை எழுதிய பிறகு வாங்கிய ஃபிரிட்ஜ் என்பதால் குற்ற உணர்ச்சி இல்லை. முதல் நாளே வாங்கியிருந்தால் எங்களுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு பெரியதை வாங்கியிருப்போம்.

ஒயர் வேலையைச் சொந்தமாகச் செய்கிறவர்கள் இரண்டை மறக்க வேண்டாம். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் அல்ல. நடுவில் ஒயர் உரசி வெந்தால் காப்பாற்ற வேண்டியது அந்த நீளத்தைத்தான். 12 வோல்ட்டில் மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால் வழியிலேயே வோல்ட்டேஜ் இறங்கிவிடும். பேட்டரி நிறைய இருக்கும், ஃபிரிட்ஜ் 'பேட்டரி தீர்ந்தது' என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். எனக்கு அப்படி ஒரு ராத்திரி நடந்தது, காலையில் பால் திரிந்திருந்தது. இன்னொன்று, லித்தியம் பேட்டரியிலிருந்து குளிரில் மின்சாரம் எடுக்கலாம், ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே கெட்டுப்போகும். உறைபனி இடங்களுக்குப் போகிறவர்கள் அந்தக் குளிரில் தானே சார்ஜைத் துண்டித்துக்கொள்ளும் வகையைப் பார்த்து வாங்குங்கள்.

சமையல் வெளியேதான். பின்கதவை இறக்கினால் கிட்டத்தட்ட சமையல் மேடையின் உயரம், அடுப்பை அதில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. மழை என்றால் மேலே தூக்கிய கண்ணாடியே ஒரு சின்னக் கூரை. எவ்வளவு மழை பெய்தாலும் மூடிய தொட்டிக்குள் அடுப்பையோ கரி அடுப்பையோ பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை இல்லை, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். உள்ளே ஓர் அலாரம் மாட்டி வைத்திருக்கிறேன், அது மட்டும் நோட்டில் புகார் வராமலே வாங்கிய சாமான். அந்தப் புகாரை எழுத ஆள் இருக்காது.

இழுப்பறைக்குப் பதிலாக இப்போது இருப்பது மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று. சமையலுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று. ராத்திரி அவை முன் சீட்டுக்குப் போய்விடும், காலையில் திரும்பி வரும். இதற்கு ஆகிற நேரம் நாலு நிமிடம். இழுப்பறை இருந்தால் இந்த நாலு நிமிடம் மிச்சம் என்பது உண்மைதான், வருடத்தில் நூறு ராத்திரி வெளியே தூங்குகிறவர்கள் செய்துகொள்ளட்டும். நாங்கள் இருபது இருபத்தைந்து ராத்திரிக்காரர்கள். கழற்றிய இழுப்பறைகள் வீட்டில் வாசலுக்குப் பக்கத்தில் செருப்பு வைக்கும் அலமாரியாக இருக்கின்றன, மிகவும் உறுதியான அலமாரி, பத்துப் பேர் ஏறி நிற்கலாம்.

தூசி விஷயத்தில் இன்னும் முழு வெற்றி இல்லை. மண் சாலையில் அரை மணி நேரம் போனால், எல்லாம் சாத்தியிருந்தும் உள்ளே மாவு சலித்துக் கொட்டிய மாதிரி ஆகிவிடுகிறது. வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பிய தூசி முழுக்க அங்கே சுழன்று, பின்கதவின் இடுக்குகள் வழியாக உள்ளே இழுபடுகிறது. கதவு இடுக்கு முழுக்க ரப்பர் பீடிங் ஒட்டினேன், பாதி குறைந்தது. கீழ்ப்பக்கம் கீல் இருக்கும் இடத்து ஓட்டைதான் பெரிது என்பது ரொம்பத் தாமதமாகத் தெரிந்தது. ஒரு ராத்திரி உள்ளே லைட்டைப் போட்டுவிட்டு வெளியே இருட்டில் நின்று பாருங்கள், வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் தூசி வருகிற இடம். கூரையில் முன்னோக்கி ஒரு காற்று வழி வைத்து உள்ளே அழுத்தத்தைக் கூட்டினால் மீதியும் நிற்கும் என்கிறார்கள், நல்ல கேனப்பியில் ஓட்டை போட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதுவரை மெத்தையை ஓட்டத்தின்போது ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையில் சுருட்டி வைக்கிறோம்.

கடைசியாக நோட்டில் ஏறியது போன பயணத்தில். மனைவி சீக்கிரம் எழுந்துவிட்டாள், நான் குறுக்கே நீட்டிப் படுத்துத் தூங்கட்டும் என்று பின்கதவை மெதுவாகத் தூக்கிச் சாத்தி, பழக்க தோஷத்தில் கண்ணாடியையும் இறக்கிக் கைப்பிடியைத் திருகிவிட்டு நடக்கப் போய்விட்டாள். எழுந்து பார்க்கிறேன், பின்கதவின் கைப்பிடி வெளியே, கண்ணாடியின் கைப்பிடி வெளியே, பக்கவாட்டு ஜன்னலில் கை மட்டும்தான் போகிறது. போன் முன் சீட்டில், பெட்டிகளோடு. முக்கால் மணி நேரம் சுமையாகக் கிடந்தேன். வந்து திறந்தவள் சிரித்த சிரிப்பை எழுதினால் கட்டுரை நீளும்.

அதற்கான மருந்தும் உள்ளேயே இருந்திருக்கிறது, அப்போது கண்ணில் படவில்லை. கண்ணாடியின் பூட்டிலிருந்து இரண்டு பக்கமும் போகிற மெல்லிய கம்பிகள் உள்பக்கம் மூடாமல் அப்படியே தெரிகின்றன. அவற்றை நடுவை நோக்கி இழுத்தால் பூட்டு விடுபடுகிறது. இரண்டு கம்பியிலும் ஒரு நைலான் கயிறு கட்டி, நடுவில் ஒரு வளையம் போட்டு வைத்திருக்கிறேன், இருட்டில் துழாவினாலும் கிடைக்கும்படி மஞ்சள் நிறத்தில். பின்கதவுக்கும் அதே மாதிரி செய்ய உள்பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும், அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை.